முதல் ஸ்பெஷல் நிப்பு: ஸ்டப், ஃப்ளெக்ஸ், ஃபியூடே, எதை எடுப்பது?

அடிக்கோடு:

எல்லோருக்கும் வணக்கம். எம் (மீடியம்) நிப்பு போட்ட சாதாரண ஃபவுண்டன் பேனாவில்தான் இத்தனை நாளும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனா மேல் ஒரு குறையும் இல்லை. வழுக்கிக்கொண்டு போகிறது, மை தடைபடுவதில்லை. ஆனால் எழுதி முடித்த பக்கத்தைப் பார்த்தால் எல்லாக் கோடும் ஒரே தடிமன். ஜெல் பேனாவில் எழுதியது என்று சொன்னாலும் யாரும் நம்பிவிடுவார்கள்.

சரி, வித்தியாசமான நிப்பு ஒன்று வாங்கலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஸ்டப், இட்டாலிக், கர்சிவ் இட்டாலிக், ஆப்ளிக், ஃபியூடே, ஜூம், மியூசிக், போஸ்டிங், வேவர்லி, ஆர்க்கிடெக்ட்... பைலட் கம்பெனி கஸ்டம் 912 என்ற ஒரே மாடலுக்கே பத்துக்கு மேல் நிப்பு போடுகிறது. இதெல்லாம் யாருக்காக?

என் உபயோகம் இதுதான்: தினமும் ஒரு பக்கம் டைரி, தமிழில், பொடி எழுத்து. அவ்வப்போது கடிதங்கள், அதில் பாதி ஆங்கிலம். நேரம் கிடைத்தால் ஓரத்தில் ஏதாவது படம் கிறுக்குவேன். பேனாவைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பிப் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. அது முக்கியமா என்று தெரியாது, சொல்லி வைக்கிறேன்.

தமிழ் எழுத்துக்கு ஸ்டப் நன்றாக வருமா? வீடியோவில் அழுத்தி எழுதினால் கோடு விரிகிறதே, அந்த ஃப்ளெக்ஸ் நிப்பைத் தினமும் எழுத வைத்துக்கொள்ள முடியுமா? மியூசிக் நிப்பில் ஏன் இரண்டு பிளவு?

மைக்கறை:

யோசிக்கவே வேண்டாம், 1.1 ஸ்டப் எடுங்கள், அதாவது 1.1 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டை நுனி. லாமி சஃபாரி இருந்தால் இன்னும் சுலபம், நிப்பை மட்டும் உருவி 1.1 மாட்டிவிடலாம். அதே வகையில் 1.5, 1.9-ம் உண்டு. ட்விஸ்பியிலும் 1.1 ஸ்டப் வருகிறது. நான் கையெழுத்துப் போடுவது முதல் அட்ரஸ் எழுதுவது வரை எல்லாம் அதில்தான். ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், உங்கள் எழுத்தா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

பழைய ஸ்டெனோ:

தம்பி, மைக்கறை சொன்னதில் தப்பில்லை. அவர் பெரிய எழுத்துக்காரர், அவர் போட்ட படங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் "பொடி எழுத்து", "திருப்பிப் பிடிக்கிறேன்" என்ற இரண்டையும் படித்த பிறகு உங்களை 1.1 வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதலில் யாருக்காக என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். சுருக்கெழுத்தில் சம்பாதித்துச் சாப்பிட்டவன் நான். எங்கள் காலத்தில் நிப்பு என்பது ஆசைக்கு வாங்குவதல்ல, வேலைக்கு வாங்குவது. நீங்கள் பட்டியல் போட்ட பெயர்களில் முக்கால்வாசியும் ஏதோ ஒரு தொழிலுக்காகப் பிறந்தவைதான். போஸ்டிங் நிப்பை எடுங்கள். குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குக் கணக்கை ஏற்றுகிறவர்களுக்கானது அது. நுனி லேசாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், தகடு விறைப்பாக இருக்கும், அழுத்தினாலும் கோடு விரியாது. குறுகலான கட்டத்துக்குள் ஏழு இலக்கம் எழுத வேண்டும், 8-ம் 6-ம் அடைபடக் கூடாது. அதற்குத்தான். இன்றைக்கும் விண்ணப்பப் படிவம் நிரப்ப, புத்தக ஓரத்தில் குறிப்பு எழுத இதை விட்டால் ஆள் இல்லை. ஆனால் டைரி எழுதினால் உங்கள் "ஒரே தடிமன்" புகார் இன்னும் கூடும்.

மேனிஃபோல்ட் நிப்பு என்று ஒன்று இருந்தது. கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுப்பவர்களுக்கு. அடித்தாள் வரை அச்சு விழ வேண்டுமே, அதனால் ஆணி மாதிரி விறைப்பு. கார்பன் தாள் போனது, அந்த நிப்பும் போனது.

இந்த விஷயத்தை எஸ்டர்புரூக் மாதிரி ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லை என்பது என் கட்சி. அமெரிக்காவில் கேம்டன் நகரில் இருந்த கம்பெனி. நிப்பையும், அதற்கு அடியில் இருந்து மை கொடுக்கும் நாக்கட்டையையும் ஒரே துண்டாகத் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண். 2668 பொது எழுத்துக்கு மீடியம். 1550 கணக்கு எழுத, விறைப்பான எக்ஸ்ட்ரா ஃபைன். 9128 வளையும் எக்ஸ்ட்ரா ஃபைன். 9555 கிரெக் சுருக்கெழுத்துக்கு. எண் 9-ல் தொடங்கினால் நுனியில் தேயாத உலோகக் குண்டு உண்டு. 1, 2-ல் தொடங்கினால் வெறும் எஃகு, நாள்பட எழுதினால் தேயும். கடைக்காரரிடம் "நல்ல நிப்பா கொடுங்க" என்று கேட்கவே வேண்டாம், செய்யும் வேலையைச் சொன்னால் எண் கிடைத்துவிடும்.

மியூசிக் நிப்பும் இதே கதைதான். மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதுகிறவருக்கு இரண்டு வகைக் கோடு வேண்டும். ஸ்வரத்தின் தண்டு மெல்லிசாக நிற்க வேண்டும், தண்டுகளைச் சேர்க்கும் குறுக்குப் பட்டை தடிமனாக இருக்க வேண்டும். அதனால் நுனி அகலமாக, பட்டையாக இருக்கும். பேனாவைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு எழுதுவார்கள், அப்போது நெடுக்கே மெல்லிசும் குறுக்கே தடிமனும் வரும். அவ்வளவு அகலமான நுனிக்கு ஒரு பிளவு வழியாக வரும் மை பற்றாது, ஓரங்கள் காய்ந்துவிடும். அதனால் இரண்டு பிளவு, மூன்று கால். பைலட், பிளாட்டினம் இரண்டும் அப்படித்தான் செய்கின்றன. செய்லர் மட்டும் ஒரே பிளவில் சமாளிக்கிறது. மை தாராளமாக இறங்கும், சாதா நோட்டில் ஊறிப் பின்பக்கம் வந்து எட்டிப் பார்க்கும். தினசரி டைரிக்கு ஆகாது.

இப்போது ஸ்டப். நுனி பட்டையாக வெட்டியிருக்கும், மூலைகள் மழுங்கியிருக்கும். இட்டாலிக் என்பதும் அதே வெட்டுதான், ஆனால் மூலைகள் கூர்மை. புது சோப்புக் கட்டிக்கும் நாலு நாள் தேய்த்த கட்டிக்கும் உள்ள வித்தியாசம். கூர் மூலை என்றால் மெல்லிய கோடு நிஜமாகவே மயிரிழையாக வரும், ஆனால் கை ஒரு டிகிரி சாய்ந்தாலும் தாளைக் கீறும். வேகமாக எழுதவே முடியாது. கர்சிவ் இட்டாலிக் இரண்டுக்கும் நடுவில். தினமும் எழுதுகிறவருக்கு ஸ்டப் அல்லது கர்சிவ் இட்டாலிக். கூர்மையான இட்டாலிக்கை நிதானமாக உட்கார்ந்து எழுதும் அழகெழுத்துக்கு விட்டுவிடுங்கள்.

தமிழுக்கு வருமா என்றால், ரொம்ப நன்றாக வரும். நம் எழுத்தில் நெடுக்கும் படுக்கையும் நிறைய. நுனியின் பட்டை, கோட்டுக்கு இணையாக இருக்கும்படி பிடித்து ப எழுதுங்கள்: இரண்டு சுவரும் தடிமன், தரை மெல்லிசு. ட-வும் அப்படியே. ழ-வில் வால் கீழே இறங்கித் திரும்பும் இடத்தில் தடிமன் தானாகக் கரைந்து இழையாகும், அதைப் பார்க்கவே எழுதலாம்.

சிக்கல் சுழியில் இருக்கிறது. மூன்று சுழி ண-வை எடுத்துக்கொள்ளுங்கள். இட்டாலிக் எழுத்துமுறைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: சின்ன எழுத்தின் உயரம் நிப்பு அகலத்தைப் போல் ஐந்து மடங்கு. அதாவது 1.1 நிப்புக்கு எழுத்து ஐந்தரை மில்லிமீட்டர் உயரம் வேண்டும். அது ரோமன் எழுத்துக்குப் போட்ட கணக்கு. ண, ஞ, ஐ எல்லாம் அதைவிட நெருக்கடியானவை, இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் 1.1 வைத்து ண எழுதினால் சுழிக்குள் வெள்ளையே இருக்காது, மூன்று மைப்பொட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று புள்ளி. ஸ்டப்பில் வைக்கும் புள்ளி வட்டமாக விழாது, குட்டிக் கோடாக விழும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.

ஆகவே ஒரு அடிகோல் எடுத்து உங்கள் டைரியில் ப எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

பென்சில்சீவி:

ஓரத்தில் படம் கிறுக்குவேன் என்றீர்களே, அதனால் ஃபியூடே பற்றி மட்டும் சொல்கிறேன். நான் தெருவில் நின்று வரைகிற ஆள், என் பையில் எப்போதும் இருப்பது அது.

நுனி மேல்நோக்கி நன்றாக மடங்கியிருக்கும். பார்த்தால் கீழே விழுந்து வளைந்த பேனா என்றுதான் நினைப்பார்கள். செங்குத்தாகப் பிடித்தால் மடிப்பின் முனை மட்டும் தாளில் படும், மெல்லிய கோடு. படுக்கவைக்கப் படுக்கவைக்க மடிப்பின் அடிப்பரப்பு முழுக்கப் படும், பட்டையான கோடு. நிப்பைக் கவிழ்த்து எழுதினால் எல்லாவற்றையும்விட மெல்லிசு. ஒரே பேனாவில் ஜன்னல் கம்பியும் மரத்தின் நிழலும் போட்டுவிடலாம். செய்லரின் ஃபியூடே டி மன்னென் 40 டிகிரி, 55 டிகிரி என்று இரண்டு மடிப்பில் வருகிறது. பேனாவைச் சாய்த்துப் பிடிப்பவர்களுக்கு 40 வசதி, நிமிர்த்திப் பிடிப்பவர்களுக்கு 55.

ஜூம் நிப்பும் இதே குணம்தான், ஆனால் மடிப்பு கிடையாது. நுனியில் உள்ள குண்டை அப்படிச் சீவியிருப்பார்கள், அதனால் எழுதுவதற்கு இன்னும் சௌகரியம். அதன் பெரிய அண்ணன் நாகினாதா தோகி. ஜப்பானிய எழுத்தில் கோட்டை நிறுத்துவது, கொக்கி போடுவது, இழுத்து விடுவது என்று தூரிகை அசைவுகள் இருக்கின்றன இல்லையா, அவை பேனாவிலும் வர வேண்டும் என்று நுனியை நீளமாக விட்டுச் சீவிய நிப்பு.

ஒரு எச்சரிக்கை. மேலே வாட்டர்கலர் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சாதா மை கரைந்துவிடும், பிளாட்டினம் கார்பன் மாதிரி நிறமி மை வேண்டும். அது பேனாவுக்குள் காய்ந்தால் கழுவிக் கழுவிச் சாக வேண்டியதுதான். அடிக்கடி எழுதுகிற பேனாவில் மட்டும் போடுங்கள். தொட்டு எழுதும் பேனாவுக்கான இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவே கூடாது, அதில் அரக்கு இருக்கும்.

அடிக்கோடு:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டெனோ சார், அளந்து பார்த்தேன். ப மூன்றரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. ஆங்கிலம் அதைவிடப் பொடி. அப்படியென்றால் ஸ்டப் எனக்கு இல்லையா?

ஃபியூடே ஆசையாக இருக்கிறது, அதை இரண்டாவதாக வைத்துக்கொள்கிறேன். ஃப்ளெக்ஸ் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே?

மைக்கறை:

ஃப்ளெக்ஸ் என்றால் பைலட்டின் எஃப்.ஏ. நிப்பு இருக்கிறது, பக்கவாட்டில் இரண்டு தோளையும் வெட்டியிருப்பார்கள், அதனால் வளையும். பைலட் ஃபால்கன் என்று விற்கும் பேனா வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் நிப்பு மிருதுவானது, அவ்வளவு விரியாது. பழைய பேனா என்றால் வாட்டர்மேன் 52. மீதியை ஸ்டெனோ சார் சொல்வார், அவர் ஏரியா.

பழைய ஸ்டெனோ:

என் ஏரியாதான். ஆனால் வீடியோவில் காட்டும் ஃப்ளெக்ஸும் நாங்கள் வைத்திருந்ததும் வேறு வேறு.

பிட்மன் சுருக்கெழுத்தில் ஆங்கில P ஒலிக்கும் அதன் அதிர்வொலியான B-க்கும் கோடு ஒன்றே. மெல்லிசாகப் போட்டால் ஒன்று, அழுத்திப் போட்டால் மற்றது. T-யும் D-யும் அப்படியே, K-யும் G-யும் அப்படியே. பேசுகிறவர் நமக்காக நிற்கப் போவதில்லை. அந்த வேகத்தில் ஒரு கோடு மெல்லிசு, அடுத்த கோடு தடிமன் என்று விரல் நுனியிலேயே மாற வேண்டும். ஆக நுனி மெல்லிசாகவும் இருக்க வேண்டும், லேசாக அழுத்தினால் விரியவும் வேண்டும், விட்ட கணத்தில் மூடிக்கொள்ளவும் வேண்டும். விரிவதைவிட மூடுவதுதான் முக்கியம். மெதுவாக மூடும் நிப்பு அடுத்த மெல்லிய கோட்டையும் தடிமனாக்கிவிடும், தட்டச்சு செய்ய உட்காரும்போது வார்த்தையே மாறிப்போயிருக்கும். கிரெக் முறையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கோட்டின் நீளம்தான் ஒலியைப் பிரிக்கிறது, அதனால் அவர்களுக்கு விறைப்பான நிப்பு. நான் மேலே சொன்ன 9555 அதற்குத்தான்.

வீடியோக்காரர்கள் செய்வது காப்பர்பிளேட், ஸ்பென்சேரியன் மாதிரி ஆங்கில அழகெழுத்து. ஐம்பது டிகிரிக்கும் கொஞ்சம் மேல் சாய்த்து, இறங்கும் கோட்டில் மட்டும் அழுத்தி, ஏறும் கோட்டில் தாளைத் தொட்டும் தொடாமல் இழுத்துப் போவது. ஒரு வரிக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் டைரிப் பக்கமே முடித்துவிடலாம். அதற்குத் தொட்டு எழுதும் நிப்பே போதும். நிக்கோ ஜி, ஸீப்ரா ஜி என்று கிடைக்கிறது, ஜப்பானில் மங்கா என்ற சித்திரக்கதை வரைபவர்கள் பயன்படுத்துவது. தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். அதைத்தான் முதலில் வாங்கிப் பழகச் சொல்வேன். ஃபவுண்டன் பேனாவில் அதே விரிவை எதிர்பார்த்தால் நாக்கட்டை அந்த வேகத்துக்கு மை கொடுக்காது. கோடு நடுவில் வெளுத்து இரண்டு விளிம்பு மட்டும் தண்டவாளம் மாதிரி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் அழுத்துவார்கள். அத்தோடு நிப்பு விரிந்தது விரிந்தபடி நின்றுவிடும், திரும்ப மூடாது.

தமிழுக்கு ஃப்ளெக்ஸ் அவ்வளவு ஒட்டாது என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். அழுத்தி விரிக்க நீளமான இறங்கு கோடு வேண்டும். ஆங்கிலத்தில் எஃப், எல், பி எல்லாம் வரிக்கு மேலும் கீழும் ஓடுகின்றன. நமக்குப் பெரும்பாலும் குட்டை எழுத்து. இ, ஜ, ஞ மாதிரி எழுத்துகளில் கை இடப்பக்கமாகவும் மேல்நோக்கியும் வளைந்து வளைந்து போகிறது. கூரான வளையும் நுனியை மேல்நோக்கித் தள்ளினால் தாளின் நாரில் மாட்டும், மை தெறிக்கும். ப-வின் கால், கொம்பின் இறக்கம், ழ-வின் வால், இங்கேதான் கொஞ்சம் அழுத்த இடம் கிடைக்கும். லேசான மிருது நிப்பு போதும் அதற்கு. பைலட்டில் எஸ்.எஃப்., எஸ்.எம். என்று எஸ் (சாஃப்ட்) சேர்த்து விற்பவை அந்த ரகம்.

பழைய வாட்டர்மேன் 52 தேடுகிறீர்கள் என்றால் ஒன்றிரண்டு வார்த்தை. அந்த எண்ணில் 5 என்பது லீவர் இழுத்து மை நிரப்பும் ரகம், 2 என்பது நிப்பின் அளவு. வளையுமா வளையாதா என்பதை எண் சொல்லாது, பேனாவுக்குப் பேனா மாறும். நிப்பின் மூச்சுத் துளையிலிருந்து பக்கவாட்டில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், அழுத்தி அழுத்திக் களைத்த தங்கம் அங்கேதான் கிழியும். உள்ளே ரப்பர் பை கல்லாகியிருந்தால் பயமில்லை, மாற்றிவிடலாம். உடம்பு எபோனைட் என்ற கெட்டி ரப்பர், தண்ணீரில் ஊறப்போட்டால் கறுப்பு பழுத்துப் பழுப்பாகும், திரும்ப வராது.

வாட்டர்மேன் இன்னொரு காரியம் செய்தார்கள், 1927-ல் நம்பர் 7 என்ற பேனாவில். நிப்பின் குணத்துக்கு ஒரு நிறம் வைத்து, மூடியில் அந்த நிறத்தில் வளையம் போட்டு விற்றார்கள். பிங்க் என்றால் வளையும் மெல்லிய நுனி, சுருக்கெழுத்துக்காரர்கள் கண்வைத்தது அதைத்தான். இன்றைக்கு பிங்க் நிப்புக்கு ஏலத்தில் அடிதடி.

இப்போது உங்கள் விஷயம். ஸ்டப் உங்களுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை, 1.1 இல்லை என்கிறேன். மூன்றரைக்கு 0.6, 0.7 அளவில் பட்டை வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. பைலட்டில் சி.எம். என்று ஒரு எஃகு நிப்பு வருகிறது, 1.1-ஐவிட நன்றாகவே குறுகல். பிளூமிக்ஸ் பேனாவில் இருப்பதும் அதே குடும்பம்தான். ககுனோ, மெட்ரோபாலிட்டன், பிளூமிக்ஸ் இவற்றின் நிப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு வழி, பி (பிராட், தடித்த) நிப்பு ஒன்றை வாங்கி நிப்பு சீவத் தெரிந்தவரிடம் கொடுத்து வேண்டிய அகலத்துக்கு வெட்டிக்கொள்வது. ஈ.எஃப். (எக்ஸ்ட்ரா ஃபைன்) நிப்பைக் கொடுத்து ஸ்டப் ஆக்கச் சொல்லாதீர்கள். சீவுவது என்றால் இருக்கும் உலோகத்தை எடுப்பதுதான், அதில் எடுக்க என்ன இருக்கிறது?

ஆனால் வாங்குவதற்கு முன்னால் அந்தத் திருப்பிப் பிடிக்கும் பழக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். வழக்கம்போல ஒரு வரி எழுதுங்கள். வரி நடுவில் கையை அப்படியே நிறுத்துங்கள். மணிக்கட்டு அசையாமல் குனிந்து நிப்பை நேர் மேலிருந்து பாருங்கள். பிளவு நடுவில் தெரிந்தால் சரி. பிளவு ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கத் தகடு அதிகமாகத் தெரிந்தால் நிப்பு சாய்கிறது. குண்டு நுனியில் இது தெரியாது. பட்டை நுனியில் ஒரு மூலை தூக்கிக்கொண்டுவிடும், பாதி கோடுதான் விழும்.

பீச்சாங்கை:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இந்தத் திருப்பிப் பிடிக்கும் விஷயத்துக்குத்தான் ஆப்ளிக் இருக்கிறது. பட்டையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், இடது காலின் விரல் வரிசை மாதிரி. இடப்பக்கம் குட்டை, வலப்பக்கம் நெட்டை. இடப்பக்கம் சாய்த்துப் பிடிப்பவருக்கு அந்தக் குட்டைப் பக்கம் சரியாகத் தாளில் உட்காரும். பழைய பெலிகன், மான்ட்பிளாங்க் பேனாக்களில் ஓ.எம்., ஓ.பி. என்று நிறைய கண்ணில் படும், ஓ என்றால் ஆப்ளிக். சாய்க்காத ஆள் வாங்கினால் வெறும் கீறல்தான்.

இடக்கைக்காரர்களுக்கு ஆப்ளிக்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் வரிக்குக் கீழே கை வைத்து எழுதுகிறவன், எனக்கு ஸ்டப்பே நன்றாக வருகிறது. மேலிருந்து கொக்கி போட்டு எழுதும் இடக்கைக்காரர்கள் பேனாவைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கு உருண்டையான நுனி நல்லது. லாமியில் எல்.எச். என்று ஒரு நிப்பு இதற்கென்றே உண்டு. ஃப்ளெக்ஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள், தள்ளும் கைக்கு அது நரகம். பெரிய பிரச்சினை நிப்பே இல்லை, மை. கை கொஞ்சம் மேலே ஏறினாலும் எழுதிய வரியில் பட்டுவிடும் என்பதால், சீக்கிரம் காயும் மையும் மெல்லிய நிப்பும்தான் என் சட்டைக் கையைக் காப்பாற்றுகின்றன.

ஒரு சந்தேகம்: ஆர்க்கிடெக்ட் நிப்பு யாராவது தமிழுக்கு முயன்றிருக்கிறீர்களா?

பழைய ஸ்டெனோ:

பீச்சாங்கை சொன்ன ஆப்ளிக் விளக்கம் நான் சொல்ல இருந்ததைவிடத் தெளிவு.

ஆர்க்கிடெக்ட் என்பது ஸ்டப்பைத் தலைகீழாக்கியது. நெடுக்கு மெல்லிசு, படுக்கை தடிமன். கட்டட வரைபடத்தில் எழுதும் பெரிய எழுத்துகளுக்கு என்று பெயர். ஹீப்ரு, அரபிக்காரர்களும் விரும்புவார்கள், அவர்கள் எழுத்தில் படுக்கைக் கோடுதான் ஆட்சி. தமிழில் நண்பர் ஒருவர் எழுதிக் காட்டினார். க-வின் குறுக்குக் கோடும் ட, ப, ம எல்லாவற்றின் தரையும் கனத்து, வரி முழுக்க அடியில் கறுப்புப் பட்டை ஓடுவது போல ஒரு தோற்றம். தலைப்பு எழுத ஜோர். பக்கம் முழுக்க எழுதினால் கண் சோர்ந்துவிடும். இரட்டைக் கொம்பு, துணைக்கால் எல்லாம் மெலிந்து நிற்கும், ஏதோ பட்டினி கிடந்த மாதிரி.

வேவர்லி பற்றி யாரும் பேசவில்லை. நுனி லேசாக மேலே தூக்கியிருக்கும், ஃபியூடே மாதிரி மடிப்பு இல்லை, சும்மா ஒரு நிமிர்வு. எடின்பரோவில் மக்நிவன் அண்ட் கேமரன் என்ற கம்பெனி தொட்டு எழுதும் நிப்பாகக் கொண்டுவந்தது, பைலட் இப்போது டபிள்யூ.ஏ. என்ற பெயரில் போடுகிறது. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் கீறாது. கோட்டில் வித்தியாசம் காட்டாது, சுகம் மட்டும்தான். கை வலிக்காரர்கள் யோசிக்கலாம்.

அடிக்கோடு:

சார், நீங்கள் சொன்னபடி நிறுத்திப் பார்த்தேன். பிளவு நடுவில் இல்லை, ஆனால் ரொம்பவும் ஒதுங்கவில்லை. வலப்பக்கத் தகடு கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. நோட்டை இடப்பக்கமாகச் சாய்த்து வைத்து எழுதினால் சரியாகிவிடுகிறது. அதனால் ஆப்ளிக் வேண்டாம், சி.எம். நிப்பே எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். காப்பர்பிளேட் ஆசைக்கு ஒரு ஜி நிப்பும் அதைச் செருகிப் பிடிக்கும் கட்டையும்.

மை பற்றி ஏதாவது பார்க்க வேண்டுமா?

பழைய ஸ்டெனோ:

நல்ல தேர்வு. நோட்டைச் சாய்ப்பதுதான் இருப்பதிலேயே மலிவான வைத்தியம், பேனாவைத் திருத்துவதைவிட.

சி.எம்.-க்கு ரொம்ப ஈரமான மை வேண்டாம். மை அதிகம் இறங்கினால் மெல்லிய கோடும் ஊதிவிடும், பட்டை நிப்பு வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். பெலிகன் 4001 மாதிரி கொஞ்சம் வறண்ட மை போட்டால் ப-வின் தரை இழையாக நிற்கும். தாளும் மை ஊறாததாக இருக்கட்டும். ஜி நிப்புக்கு எண்ணெய்ப் பூச்சு போட்டுத்தான் அனுப்புவார்கள், அதோடு மையில் தொட்டால் மை முத்து முத்தாக உருண்டு ஓடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். எழுதி முடித்ததும் ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறிவிடும். முதல் ண எழுதியதும் படம் எடுத்துப் போடுங்கள், சுழி திறந்திருக்கிறதா பார்ப்போம்.